சவரிமுத்துவின் வரைபடத்தில் குடியிருந்தவர்கள்

அப்புத்தளைக் கடைவீதியில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது சேதி வந்தது. பதுளையிலிருந்து துணிமூட்டையோடு வந்து இறங்கிய காசிம் நானா குடையை மடக்கக்கூட இல்லை. "சேதி தெரியுமாங்க? ஒங்க கந்தோர்ச் சவரிமுத்து ஐயா மவுத்தாப் போயிட்டாரு. நாளைக்கு அடக்கமாம்" என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகிற பழக்கம் அவருக்கு எப்போதுமே உண்டு. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பதுளையில் கட்டடங்களுக்குப் படம் வரைகிற கந்தோரில், அதாவது அலுவலகத்தில், நாங்கள் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். பக்கத்துப் பக்கத்து மேசை. சேர்ந்த புதிதில் கட்டடம் எதையும் எங்கள் கண்ணில் காட்டவில்லை. மைக்கட்டியைத் தட்டில் தண்ணீர் விட்டு இழைக்க வேண்டும். பிறகு கோட்டுப் பேனாவின் திருகைக் கூட்டிக் குறைத்து, மயிரிழைக் கோடு, தடித்த கோடு என்று தாள் நிறைய இழுக்க வேண்டும். எனக்குப் பேனாவைத் தூக்கி எறியலாம் போலிருக்கும். அவரோ வாயைத் திறக்காமல் இழுத்துக்கொண்டே இருப்பார்.

எழுத்துப் பயிற்சியில் அவரை மிஞ்ச ஆளில்லை. மேலும் கீழும் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, அதற்குள் இங்கிலீசுப் பெரிய எழுத்துகளை நிறுத்த வேண்டும். நான் எழுத்துக்கு எழுத்து அளந்து இடம் விடுவேன். சொல் பல் விழுந்த வாய் மாதிரி இளிக்கும். அவர் எட்டிப் பார்த்து, "எழுத்த ஏன் அளக்குறீங்க? நடுவுல கெடக்குற வெறும் எடத்தப் பாருங்க. அதுலதான் எல்லாம் இருக்கு" என்றார். பின்னால் வந்த பிள்ளைகளுக்கும் அதையே சொன்னார். சொல்லும்போது தாளைப் பார்க்காமல் அதற்கு அப்பால் எதையோ பார்ப்பார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்காது.

பெரகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் புது லயம் கட்ட ஏற்பாடாயிற்று. தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் அறைகள். ஓடையோரம் சமமாகக் கிடந்த வெற்றுத் தரையைத் தோட்டத்துத் துரை தேர்ந்தெடுத்திருந்தார். சவரிமுத்து தனியாகப் போய் அளந்து வந்து, மெருகிட்ட வரைதுணியில் படத்தை மையில் ஏற்றினார். அதைப் பார்த்து நான் திகைத்துப் போனேன். அந்தத் தரை முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்கள் இருந்தன. சில மிகவும் சின்னவை. அவற்றுக்கு மேலே, கிணறு, கிடங்கு என்றெல்லாம் எழுதுகிற அதே நிதானமான எழுத்தில், ஆள் குடியிருக்கும் இடம் என்று இங்கிலீசில் எழுதியிருந்தார்.

"என்னங்க இது?" என்றேன்.

"காலராவுல செத்தவங்க. பொதச்ச எடத்துக் கல்லையெல்லாம் பேத்து எடுத்துட்டாங்க. ஆளுங்க இருக்காங்கல்ல?" என்றார்.

படத்தைக் கொடுக்க நானும் கூடப் போனேன். பங்களா வாசலில் செல்லாயி என்ற கொழுந்தெடுக்கும் பெண் கூடி நின்ற தொழிலாளர்களுக்கு முன்னால் வந்து நின்று கும்பிட்டாள். "எம் புள்ள கெடக்குற எடமுங்க. அது நெஞ்சு மேலயே அடுப்பு மூட்டிச் சோறாக்கச் சொல்றாங்க. நீங்களாச்சும் தொரைகிட்ட சொல்லுங்க சாமி" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

துரை படத்தைப் பார்த்ததும் முகம் சிவந்தார். அங்கே தனக்கு யாரும் தெரியவில்லை என்றும், அங்கேயே உட்கார்ந்து கட்டங்களைச் சுரண்டி எடுத்துவிட்டு நகல் போட்டுக் கொடுக்கும்படியும் சொன்னார்.  சவரிமுத்து கத்தியை எடுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் அதன் மேலிருந்த எழுத்தோடு சேர்த்துச் சுரண்டினார். துணி சுத்தமாயிற்று. அவர் குனிந்து வேலை செய்த அவ்வளவு நேரமும் பங்களா நாய் அவர் காலடியில் ஈனக் குரலில் முனகிக்கொண்டே இருந்தது.

அந்தக் காலத்து நகல் வெயிலில் எடுப்பது. மருந்து பூசிய தாளின் மேல் வரைதுணியை விரித்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்து வெயிலில் வைக்க வேண்டும். பிறகு தாளைத் தண்ணீரில் அலசினால் அது நீலமாகும், கோடுகள் வெயிலை மறைத்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். சட்டமும் தாளும் கையோடு கொண்டு போயிருந்தோம்; பங்களாவின் பின்கட்டுத் தொட்டியில் நான்தான் அலசினேன். துரை பக்கத்தில் நின்றார். நீலம் ஏற ஏற லயத்தின் சுவர்கள் தெரிந்தன. அப்புறம் அந்தச் சுவர்களுக்குள்ளே வெளிறிய கட்டங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கடைசியாக அந்த எழுத்தும் வந்தது. தாளைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு நான் கையை வெளியே எடுத்தேன்.

துரை விறுவிறுவென்று திரும்பி நடந்தார். பங்களாவுக்குள் போனவர் நெடுநேரம் கழித்து வந்து, ஓடையோர மண்ணில் ஈரம் அதிகம், லயத்தை மேட்டில் கட்டலாம் என்றார். இன்றைக்கும் லயம் அங்கேதான் இருக்கிறது.

திரும்பும் வழியில் நான் சிரித்தேன். சுரண்டிய துணி அழுக்கைப் பிடித்து வெயிலை மறைக்கும், நகலில் வெளிறித் தெரியும். அதைத் தடுக்கத்தான் சுரண்டிய இடத்தை எலும்பால் தேய்த்து மெருகேற்றுவோம். "தேய்க்காம விட்டுட்டீங்க, கெட்டிக்காரர்தான் போங்க!" என்றேன். அவர் நின்றுவிட்டார். "தேச்சேன். நீங்கதான பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்றார். ஆமாம், அவர் தேய்த்ததை நான் பார்த்திருந்தேன். 

அடக்கத்தன்று மேட்டு லயத்து ஜனங்கள் பெரகலையிலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். செல்லாயிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. குழி மேட்டோரம் என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "அன்னைக்கு நீங்கள்லாம் எடத்தக் காட்டினதாலதான் அவர் வரைய முடிஞ்சது" என்றேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"நாங்க எங்கங்க காட்டினோம்? கல்லு போனப்பறம் எங்களுக்கே எடம் தெரியாது. எம் புள்ளையது மட்டும் எனக்குத் தெரியும். ஐயா தனியாத்தான் முளைக்குச்சி அடிச்சுக்கிட்டு வந்தாரு. நான் தூர நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன், வாயே தொறக்கல. எம் புள்ள எடத்துக்கு வந்ததும் குச்சி அடிக்காம குந்திட்டாரு. தரையில காத வச்சாரு. அப்பறம் என்னத் திரும்பிப் பாத்து, 'பொம்பளப் புள்ளையாம்மா?'ன்னு கேட்டாரு. ஆமாங்கன்னேன்."

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது, இதை எழுதும்போதும் கிடையாது. சவரிமுத்து அவர்களே, உங்களை இழந்து நான் தவிக்கிறேன். போய் வாருங்கள், நீங்கள் போகிற இடத்தில் உங்களுக்குப் புது முகம் ஒன்றுமிருக்காது. ஒரு பிடி மண்ணை அள்ளி உங்கள் மேல் போட்டேன். பிறகு, திரும்பி நடக்கக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.