வலிக்காத கால்

போன வாரம் லோபாக் கிளினிக்கில் மாத்திரைக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஓர் இளம் தாய், குழந்தைக்கு ஊசி போட வந்திருந்தாள். "எம்புள்ள ஊசி போட்டாலும் அழ மாட்டா லா" என்று பெருமையாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

ஏன் என்கிறீர்களா?

சண்டையில் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலம். லாபு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். சயாமில் ரயில் பாதை போட அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் அம்மா, நான், நான்கு வயதுத் தங்கச்சி பாக்கியம். முதுகில் கட்டியோடு பிறந்தவள். முதுகெலும்பு சரியாக மூடாத பிள்ளை என்று இன்றைக்குச் சொல்வார்கள்... அன்றைக்கு யார் கண்டது? கால்கள் சூம்பி, பாதங்கள் உள்பக்கம் திரும்பியிருக்கும்.

அம்மாவுக்கு ஒரே கவலை – அப்பா திரும்புவதற்குள் இவளை நிற்க வைத்துவிட வேண்டும். கைக்குழந்தைக்குச் செய்வதுபோலவே தினமும் தன் கால்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, அவள் கால்களை இழுத்து இழுத்து நீவிவிடுவாள். தேங்காய் எண்ணெய்க்கு எங்கே போவது? செம்பனை எண்ணெய்தான். பாக்கியம் சிரித்துக்கொண்டே கிடப்பாள். வலித்தால் அழுவாள்தானே என்று அம்மா இன்னும் கொஞ்சம் அழுத்துவாள்.

ஒருநாள் தொடை வீங்கிவிட்டது. சிவந்துபோய், தொட்டால் கொதித்தது. கட்டி என்றார்கள், அம்மை என்றார்கள். லயத்து வரிசை வீடுகளில் ஆளுக்கொரு பேச்சு. பயத்தில் நான் மரவள்ளிக்கிழங்கை அப்படியே வைத்துவிட்டேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெஸர் வந்து காலை மெல்லத் தூக்கிப் பார்த்தார். எலும்பு முறிந்திருக்கிறது என்றார்.

அம்மா நம்பவில்லை. "முறிஞ்சிருந்தா அழ மாட்டாளா?"

"அவளுக்குத் தெரியாதும்மா" என்றார் டிரெஸர். "இந்தக் காலுக்கு வலியே கெடையாது. நடக்காத எலும்பு, இழுத்தாலே ஒடிஞ்சிடும். நீதான் பாத்துக்கணும்."

அம்மா எண்ணெய்ப் பிசுக்கு போகாத தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார்கள். எலும்பு கூடுமா, கூடாதா? தினமும் அதே பதைப்பு. கடைசியில் கூடியது, கொஞ்சம் கோணலாக. அவள் நிற்கவே இல்லை.

சண்டை முடிந்து அப்பா எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். மகளைத் தூக்க ஓடினார். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"மெதுவா தூக்குங்க. ஒடிஞ்சாலும் சொல்ல மாட்டா."

அது சரி, கிளினிக்கில் என்ன ஆனது? ஊசி குத்தியதும் குழந்தை கட்டடம் அதிர வீறிட்டது. அம்மாக்காரிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.