அண்ணன் மறந்த கம்பி

அந்தக் கம்பியை எங்களோடு வேலை செய்த அண்ணன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒரு முனை சிறுத்தையின் இடுப்பில் இறுகியிருந்தது. மறுமுனையை யாரோ டர்பன்டைன் என்னும் தைல மரத்தின் அடியில் முடிந்திருந்தார்கள். முடிச்சைப் பார்த்ததும் ஈரத்தரை என்றும் பாராமல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "மிஸ், இது நான் கட்டுனது" என்றார்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு சிறிய வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பில் எனக்கு வேலை. பன்றிக்குக் கட்டும் சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டிச் சாகிறது என்று, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ச் சொல்வோம். தேயிலை மலைகளில் கம்பிகளைத் தேடிக் கழற்றுவோம். இன்று கழற்றினால் அடுத்த வாரம் அதே இடத்தில் இன்னொன்று இருக்கும். சலித்துப்போகும். சனங்களையும் சும்மா திட்டிவிட முடியாது. பாடுபட்டுப் போட்ட மரக்கறித் தோட்டத்தைப் பன்றி உழுதுவிட்டுப் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அண்ணனும் ஒருகாலத்தில் கம்பி கட்டியவர்தான். "எங்க வீட்டு நாயே மாட்டிச் செத்துச்சு மிஸ், அதோட விட்டுட்டேன்" என்று சொல்லித்தான் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தார். தான் கட்டியதையெல்லாம் முதல் மாதமே கழற்றிவிட்டதாகச் சொன்னார், நாங்களும் நம்பினோம், அவரும் நம்பினார். எந்தத் தண்ணீர்க் கானோரம் பன்றி நுழையும், எங்கே கம்பி இருக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி. கூட்டத்திலும் நான் அரை மணி நேரம் பேசுவதை அவர் "நானும் கட்டுனவன்தான்யா" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்.

அன்று நாங்கள் போனபோது சிறுத்தைக்கு உயிர் இருந்தது. மிருக வைத்தியர் வெகுதூரத்திலிருந்து வர வேண்டும். அதற்குள் கைபேசியும் கையுமாக ஊரே கூடிவிட்டது. அண்ணன் எழுந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "போங்கய்யா, ஒரு உசுரு துடிக்கிறது ஒங்களுக்கு வேடிக்கையா?" என்று கத்தினார். கடைசிவரைக்கும் கூட்டத்தை நெருங்கவிடவில்லை. என்ன பிரயோசனம்? வைத்தியர் வந்து சேர்வதற்குள் அது அடங்கிவிட்டது.

பிறகு வனவிலங்கு அதிகாரி வந்தார், அவருக்குத் தமிழ் தெரியாது. கம்பி கட்டியது யாரென்று தெரியுமா என அண்ணனிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். "நான்தான் மிஸ். அப்படியே சொல்லுங்க" என்றார் அண்ணன். அவர் சிறைக்குப் போவார், வேலை போகும், பிள்ளைகள் தெருவில் நிற்கும். அதிகாரியிடம் திரும்பி, "அவருக்குத் தெரியாதாம்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டேன். அவ்வளவு சிங்களம் அண்ணனுக்கும் தெரியும். என்னையே பார்த்தார். எல்லார் முன்னாலும் என்னைப் பொய்க்காரியாக்க மனம் வரவில்லையோ என்னவோ, வாயே திறக்கவில்லை.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

போன மாதம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் அவரைக் கண்டேன். மரக்கறிக் கடையில் மூட்டை தூக்குகிறாராம். தோள் இறங்கிப்போயிருந்தது. "திரும்பி வாங்கண்ணே, ஒங்க அளவுக்குத் தேடத் தெரிஞ்ச ஆளே இல்ல" என்றேன்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மிஸ் வர்றது? கட்டாதீங்கன்னு எவன்கிட்ட இனி நான் சொல்றது?" என்றார். குரலில் கோபமே இல்லை. "அன்னைக்கு நான் சொன்னத நீங்க சொல்லியிருந்தா, உள்ள போயிட்டு இந்நேரம் வேலைக்கு வந்திருப்பேன்."

இத்தனை நாளும் நான் அவரைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.