வாங்க என்று நான் கேட்காத ஆள்

போன தை மாதம் எங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். வாசலில் நின்று வருகிறவர்களை அழைக்கும் வேலை எனக்கு. நாலு பேர் சேர்ந்து நின்றாலே சுவரோரம் ஒதுங்கிவிடுகிற ஆள் நான். ஆனால் ‘வாங்க’ என்ற ஒரு சொல் மட்டும் எனக்குத் தடையில்லாமல் வரும். எங்கள் பக்கத்தில் இப்படி அழைப்பதை ‘வாங்க கேட்பது’ என்போம், அதை ஒவ்வொருவரையும் தனியாக முகம் பார்த்துக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டதற்காகப் பந்தியில் உட்காராமல் போனவர்கள் உண்டு, பேச்சுவார்த்தை அறுந்த பங்காளிகளும் உண்டு.

அன்று எல்லோரையும் கேட்டேன். நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் துணி மடிக்கும் ஒடிசாக்காரப் பையன்களையும் கேட்டேன். ஒரே ஒருவரைக் கேட்கவில்லை. எத்தியோப்பியாவில் எனக்கு மேனேஜராக இருந்தவர் அவர். இப்போது இங்கே சொந்தமாகப் பனியன் யூனிட் வைத்திருக்கிறார். என் மனைவியின் தம்பி அந்த யூனிட்டில் டெய்லர், அவன்தான் கூப்பிட்டிருந்தான். காரிலிருந்து இறங்கிச் சிரித்தபடி படியேறி என் முன்னால் நின்றார். நான் அவர் தோளைத் தாண்டிப் பின்னால் வந்தவரைப் பார்த்து, “வாங்க, வாங்க” என்றேன். சிரிப்பு அவர் முகத்திலேயே காய்ந்து போனது. காபிகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார்.

“மச்சான், எனக்கு வேல போட்டுக் குடுத்த ஆளுங்க அவரு. ஒரு வார்த்த கேட்டா என்ன கொறஞ்சா போயிருவீங்க?” என்று மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

எத்தியோப்பியாவில் ஒரு பனியன் கம்பெனிக்கு நான் நிட்டிங் மெஷின் ஃபிட்டராகப் போனேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு வெளிநாட்டு வேலை என்று சொந்தமெல்லாம் பேசியது. மனைவியும் ஏழு மாதப் பெண் குழந்தையும் கூட வந்தார்கள். குவார்ட்டர்ஸ் கம்பெனிக்குள்ளேயே. டவுன் தள்ளி இருந்தது. ஆனி ஆடியில் விடாத மழை, எலும்பில் இறங்கும் குளிர்.

குழந்தைக்கு ஒன்று மாற்றி ஒன்று வந்தது. பல் முளைக்கும்போது பேதி. டவுன் மருந்துக்கடையில் அந்த ஊர்ப் பேச்சு தெரியாமல், பேதி என்பதைக் குந்தி உட்கார்ந்து நடித்துக் காட்டினேன். கடைக்காரப் பெண் எனக்குத்தான் என்று நினைத்துப் பெரியவர்கள் மாத்திரையை எடுத்தாள். கையில் குழந்தையைத் தாலாட்டுவதுபோல் இன்னொரு தரம் நடிக்க வேண்டியிருந்தது. சளி பிடித்தால் மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாமல் அழும். மனைவி ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டிப் பக்கத்தில் வைப்பாள். மூக்குத் துடைக்க, கம்பெனியில் துணி வெட்டும்போது விழும் வெள்ளைப் பனியன் துண்டுகளைக் கொண்டுவந்து வெந்நீரில் அலசிக் காயவைப்போம். அதைவிட மெத்தென்ற துணி வேறு கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் குழந்தையின் நெஞ்சு கர் கர் என்றது. உடம்பு சுட்டது. காலையிலிருந்து பால் குடிக்கவில்லை. இருந்த ஒரே வண்டி மேனேஜரின் ஜீப். குழந்தையைச் சால்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு வராண்டாவில் போய் நின்றேன். மனைவி பின்னால் குடையோடு. உள்ளே விருந்து நடந்தது. கொசுவலைக் கதவு வழியாக என்னைப் பார்த்தார். வாங்க என்று கேட்கவில்லை.

“என்ன?”

“புள்ளைக்கு மூச்சு ஒரு மாதிரி வாங்குதுங்க. டவுனுக்கு ஜீப்பு...”

“அது சளிங்க. சளிக்கு ஜீப்புக் கேட்டா, நாளைக்குப் பேதிக்கு ஏரோப்ளேன் கேப்பீங்களாட்ட இருக்குது!”

விருந்தாளிகள் சிரித்தார்கள். ஒருவருக்குப் புரையேறியது.

“மாமா, நீங்க வாங்க போலாம்” என்று மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்த வாசலில் என்னை வாங்க என்று சொன்னவள் அவள் ஒருத்திதான்.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் அந்த ஊர்க்காரர். எங்கள் முகத்தைப் பார்த்தவர் மழையில் ரோட்டுக்கு ஓடி, முட்டைக்கோஸ் ஏற்றிவந்த லாரியை மறித்து எங்களை ஏற்றிவிட்டார். குழந்தையின் பாதத்தைத் தொட்டு, “ஐஸோஷ், ஐஸோஷ்” என்றார். தைரியமாக இரு என்று அர்த்தமாம்.

டவுனில் டாக்டர் குழந்தையின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். வெறும் சளி என்றார். மூக்கில் விட உப்புத்தண்ணீர்ச் சொட்டு கொடுத்தார், பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். இரண்டு நாளில் தேறிவிட்டாள்.

ஆக மேனேஜர் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. பெரிய நோயாக இருந்திருந்தால் அவரை நாலு பேர் ஏசியிருப்பார்கள். வெறும் சளி என்பதால் நான் பயந்தாங்கொள்ளி ஆனேன். நிட்டிங் செக்‌ஷனில் என் பெயரே ‘ஏரோப்ளேன்’ ஆகிவிட்டது. ஊர் திரும்பும்வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். குழந்தை மூச்சுக்குத் தவித்ததை யாரும் நினைக்கவில்லை.

போன மாதம் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மச்சினன் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏனுங்க, நான் அப்படி என்னங்க பண்ணிப்போட்டேன்? அந்த லீவு குடுக்காத விசயமுங்களா?”

“இல்லீங்க.”

“அப்பறம்... உங்களப் பத்தி மொதலாளிகிட்ட ஒண்ணு சொன்னனே, அதுங்களா?”

அப்படி ஒன்று சொன்னார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். “அதுவும் இல்லீங்க” என்றேன்.

“பின்ன எதுன்னு சொல்லுங்களேன். தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கறனுங்க.”

மச்சினன் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தான். ஜீப், மழை, புரையேறிய சிரிப்பு எல்லாம் என் தொண்டை வரை வந்தன. சொன்னால் அவர் ‘சாரிங்க’ என்பார். ஒரே சொல்லில் கழுவிவிட்டு நிம்மதியாக டீ குடிப்பார். ஞாபகத்தில் வைத்துக்கொள்ளக்கூட அவருக்கு அது ஒரு விசயமாக இல்லை. நான் எதற்கு எடுத்துக் கொடுக்க வேண்டும்?

“ஒண்ணுமில்லீங்க” என்று எழுந்து வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அவர் தூக்கம் கெட்டுத்தான் யோசிக்கிறார் போலிருக்கிறது. அவ்வப்போது ஒரு புதுக் காரணத்தை மச்சினனிடம் சொல்லி அனுப்புகிறார். அதுவும் இல்லை என்று நானும் சொல்லி அனுப்புகிறேன்.