வளைவுக்குப் போனவள் நான்

நான் பொய் சொன்னேன். கார் பந்தயம் பார்க்கப் போன இடத்தில் என் கணவர் தடுப்பைத் தாண்டிப்போய் அடிபட்டார் என்று ஆறு ஆண்டுகளாக ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. தாண்டியவள் நான். அவர் என்னைத் திருப்பி அழைக்க வந்தவர்.

இதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது என்பதால் வந்த துணிச்சலோ என்னவோ!

ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் தையலின் தரம் பார்ப்பவள் நான். நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று, ஒரே மாதிரியான தோலைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கைப்பேசியில் கார் பந்தயம் பார்ப்பேன். பக்கத்தில் உட்காரும் ஷபானா கேலி செய்வாள்: “இன்னாடி இது பைத்தியம்? சீரியல் பார்ப்பியா, அத்த வுட்டுட்டு…”

அவளுக்கு நான் என்ன சொல்வேன்? நின்ற இடத்திலேயே நிற்பவளுக்கு வேகத்தின் மீது வரும் பசியை எப்படி விளக்குவது?

ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று ஓராண்டு நச்சரித்தேன். கணவர் ஜெயசீலன் ஜோலார்பேட்டை ரயில் நிலையத்தில் பாயின்ட்ஸ்மேன். ரயிலைத் தடம் மாற்றிவிடும் வேலை. சிக்னலும் கொடியும் அவருக்கு வேதம். ஆளில்லாத சாலையில்கூடச் சிவப்பு விளக்கு மாறும்வரை வண்டியை நிறுத்திக் காத்திருப்பார். சத்தமே பிடிக்காத மனிதர் எனக்காக விடுப்புப் போட்டார். நான்கு வயது மகள் நிவேதாவை மாமியாரிடம் விட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பஸ் ஏறினோம். காதில் வைத்துக்கொள்ள இருவருக்கும் பஞ்சு எடுத்து வந்திருந்தார்.

சென்னை நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்தப் பந்தயத் திடல். ஐயோ, அந்த ஓசை! அதை நான் காதால் கேட்கவில்லை. விலா எலும்புகளால் கேட்டேன். முதல் கார் கடந்தபோது என்னையறியாமல் கத்தினேன். ரப்பர் கருகும் நாற்றம், கண் கூசும் வெயில், ஆயிரம் தொண்டைகளின் கூச்சல்… பக்கத்தில் அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துச் சிரித்தேன்.

ஆனால் எங்கள் இருக்கையிலிருந்து தெரிந்தது நேர்ச்சாலை மட்டும்தான். கார்கள் இமைக்குமுன் வந்து மறைந்தன. முந்துவதும் மோதுவதுபோல் உரசுவதும் வளைவில்தானே நடக்கும்? எனக்கு வளைவு வேண்டியிருந்தது.

இருக்கைகளுக்குப் பின்புறமாக நடந்தால் வளைவை ஒட்டி ஒரு கம்பிவேலி. அதன் மூலையில் யாரோ விலக்கிவைத்த இடைவெளி. அதன் முன்னால் ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட காவலாளி நின்றிருந்தார்.

“இந்தப் பக்கம் வராதீங்கம்மா. வண்டி தடம் பெரண்டா நேரா இங்கதான் வரும்” என்றார்.

“அவரு சொல்றது சரி, வனிதா. வா, போய்டலாம்” என்றார் என் கணவர்.

காவலாளியை அந்தப் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர் முதுகு திரும்பியதும் நான் குனிந்து நுழைந்துவிட்டேன்.

“வனிதா! இன்னா பண்றே? வெளிய வா!”

“பத்தே நிமிஷங்க. நீங்க ஆயுசுக்கும் பச்சைக் கொடிக்கு நின்னுக்கிட்டே இருங்க!”

இந்தச் சொற்களை நான் எத்தனை முறை என் வாயிலிருந்து பிடுங்கி எறியப் பார்த்திருக்கிறேன் தெரியுமா…

கைப்பேசியை உயர்த்திப் படம் பிடிக்கத் தொடங்கினேன். கார்கள் என்னை நோக்கி வருவதும் கடைசி நொடியில் திரும்புவதுமாக… அந்தப் பயம் எனக்கு இனித்தது! ஆம், இனித்தது. அவர் உள்ளே வந்து என் தோளைத் தொட்டார். “போதும், வந்துடு” என்றார். நான் கையைத் தட்டிவிட்டேன்.

அடுத்த நொடி இரண்டு கார்கள் உரசின. ஒன்று சுழன்றது. அதிலிருந்து கழன்ற சக்கரம் தரையில் ஒருமுறை மோதி எழும்பியது. கறுப்பாக ஏதோ வருகிறது என்று தெரிந்தது. நான் கத்தினேனா? இல்லை. கீழே உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தபடி, பந்தயத்துக்கு முதுகு காட்டி நின்றிருந்தார்.

மருத்துவமனையில் போலீஸ்காரர் கேட்டார்: “யாரும்மா மொதல்ல உள்ள போனது?”

என் உதடுகள் எனக்கு முன்னால் பேசிவிட்டன. “அவருதாங்க. நான் வேணாம்னு சொன்னேன்.”

“யாராவது எச்சரிக்கை பண்ணாங்களா?”

அந்தக் காவலாளி அங்கேயே, சுவரோரம் நின்றிருந்தார். கண்கலங்கிப் போயிருந்தார். “யாரும் இல்லீங்க” என்றேன். அவர் ஓரடி முன்னால் வந்தார். “அம்மா… நான் சொன்னேனேம்மா” என்று முனகினார். நான் தலையை வேறுபக்கம் திருப்பிக்கொண்டேன். அன்றே அவர் வேலை போயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் பெயரைக்கூட நான் கேட்டறிந்ததில்லை.

பிறகு கழிப்பறைக்குள் போய்க் கைப்பேசியில் இருந்த படத்தை அழித்தேன். அழிப்பதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் தெளிவாக இருந்தது. ‘போதும், வந்துடு.’ விரல் நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைப் பயமுறுத்துகிறது!

தலையில் அடிபட்டவர் பதினெட்டு நாட்களுக்குப் பிறகுதான் பேசினார். போகிற வழியில் பள்ளிகொண்டாவில் பஸ் நின்றதுவரை நினைவிருந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. “நான் ஏன் வனிதா அங்க போனேன்?” என்று கேட்டார். உண்மையைச் சொல்ல எனக்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்குமா? “கிட்டப் போய்ப் பாக்கணும்னு ஆசைப்பட்டீங்க” என்றேன்.

அவர் நம்பினார். தன்னையே நம்பாமல், என்னை நம்பினார்.

வலது கையும் காலும் சரியாக வரவில்லை. சொற்கள் பாதியில் நின்றுவிடும். ரயில்வேயில் கோப்பு தூக்கும் வேலை கொடுத்தார்கள். “சிக்னல்ல நின்ன ஆளு, வேலிய தாண்டலாமா சீலா?” என்று கூடப் பணிபுரிபவர்கள் கேட்டபோது வெட்கத்தோடு சிரித்தாராம். அதையும் அவரே வந்து என்னிடம் சொன்னார். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “என் புள்ள பண்ண தப்புக்கு நீ கஷ்டப்படுறியேம்மா” என்று அழுதார். தொழிற்சாலையில் என்னைப் பொறுமைசாலி என்கிறார்கள். நான் எதையும் மறுக்கவில்லை.

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடாத நாளில்லை. அவர் என்னை வெறுப்பாரா? மன்னித்துவிடுவாரா? இரண்டில் எதைத் தாங்க முடியாது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

போன வாரம் நிவேதாவின் பள்ளியில் விளையாட்டு விழா. இப்போது அவளுக்குப் பத்து வயது. அப்பா வர வேண்டாம் என்றாள். அவர் ஏனென்று கேட்டார். சொல் வராமல் அவர் திணறியதைப் பார்த்து அவளுக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ!

“நீங்க அம்மா பேச்சைக் கேட்டிருந்தா நல்லா இருந்திருப்பீங்க! உங்களால எல்லாரும் என்னைப் பேஜார் பண்றாங்க!”

நான் அடுப்பருகே நின்றிருந்தேன். அவளை அதட்ட வாயெடுத்தேன்.

அவர் இடது கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். மெல்ல, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

“பாப்பாவ… திட்டாதே வனிதா. அவ சொல்றது… நியாயம்தானே?”

பதிலுக்காக இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் “ஆமாம்” என்றேன்.