எறும்பு வராத சொட்டு

ஜன்னல் விளிம்பில் ஒரு சிவப்புச் சொட்டு விட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார் பிளம்பர். கையில் டீ ஆறிக்கொண்டிருக்கிறது. "பேசாதீங்க, ஆள் வர்ற நேரம்" என்கிறார், மந்திரியை எதிர்பார்ப்பவர்போல. அவர் எதிர்பார்ப்பது எறும்பை.

சமையலறை மூலையில் இருக்கும் கண்ணாடி ஜாடியிலிருந்து எடுத்த சொட்டு அது. ஒயினுக்காகத் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரையும் ஈஸ்டும் போட்டு, ஜாடியின் வாயில் துணி கட்டி வைத்திருக்கிறார். தொடக்கத்தில் ஜாடி குபுகுபுவென்று ஓயாமல் பேசியது. பழத்தோல்கள் மேலேறித் தொப்பி போட்டு நின்றன. இப்போது பேச்சு அடங்கி, தோல்கள் அடியில் படுத்துவிட்டன. முதல் நொதிப்பு முடிந்ததா, இல்லை மூச்சு வாங்குகிறதா? வாயில் வைத்துப் பார்த்தால் தெரியும். ஆனால் டாக்டர் இனிப்பையும் மதுவையும் சேர்த்துத் தடுத்திருக்கிறார். டாக்டரைவிட மனைவி கறார். ஆகவே நாக்கின் வேலையை எறும்பிடம் ஒப்படைத்துவிட்டார். "இனிப்பு மிச்சம் இருந்தா அதுங்க விடாது. எனக்குச் சர்க்கரைன்னு முதல்ல கண்டுபிடிச்சதே அதுங்கதானே" என்று கூச்சமில்லாமல் சொல்வார்.

நான் மாடியில் குடியிருப்பவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள், படித்தது வேதியியல். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுதான் வாயுவை விடுகிறது, சர்க்கரை தீர்ந்தால் வாயுவும் தீரும் என்று விளக்கினேன். அவருக்கு ஏக மகிழ்ச்சி. "அப்ப இந்த எறும்பும் உங்க காலேஜ்தான்!"

மனிதர் இறுக்கத்துக்குப் பேர்போனவர். டீக்கடையில் குழாய் சொட்டினால் எழுந்துபோய் முடுக்கிவிட்டு வந்தால்தான் அவருக்கு டீ இறங்கும். சட்டைப்பையில் எப்போதும் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப் ஒரு சுருள். போன வருடம் கெடுத்தது அந்தப் பழக்கம்தான். சத்தம் நின்றுவிட்டதே என்று ஒயினைப் பாட்டிலில் ஊற்றி, கார்க்கை அறைந்து, டேப் சுற்றி, கம்பியும் போட்டு முறுக்கி, "தலைகீழா கவுத்தாலும் ஒரு சொட்டு வராது" என்று மனைவியின் அக்காவிடம் கொடுத்தார். குளிரில் தூங்கிப்போயிருந்த ஈஸ்ட், காரின் வெக்கையில் விழித்துக்கொண்டது. பாட்டில் அக்காவின் மடியிலேயே வெடித்தது. அன்றிலிருந்து அக்கா இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. இவருக்கும் அங்கே போக முகமில்லை. நடுவில் மனைவிதான் இரண்டு பக்கமும் இடி வாங்கினாள்.

இன்றுதான் அக்கா வந்திருக்கிறார். வந்தவர் இவரிடம் சரியாக முகம் கொடுக்கவில்லை. இதோ, கிளம்பியும் விட்டார்.

"ஏங்க, அக்கா செருப்பு மாட்டிட்டாங்க. ஒயினைக் குடுக்கிறதா, இல்லையா?"

"இன்னும் ரெண்டு பேர் நிக்கிறாங்க."

"யாரு?"

"எறும்பு."

"எறும்பைக் கேட்டுக் குடும்பம் நடத்துற ஒரே ஆளு நீங்கதான்!"

வாசலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "தயங்காம குடுக்கச் சொல்லுடி. என்கிட்ட இருந்த ஒரே நல்ல புடவை போன தடவையே போயிடுச்சு. இனிமே நான் எதுக்குப் பயப்படணும்?"

பிளம்பர் எழுந்தார். ஒரு பாட்டிலில் முக்கால்வாசி நிரப்பினார். கை தானாகப் பைக்குள் போய் டேப்பை எடுத்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். பாட்டில் வாயில் துணியை மட்டும் தளரக் கட்டி, வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அக்கா பாட்டிலை எட்டப் பிடித்துக்கொண்டார். "மூடி எங்க தம்பி?"

"எங்கிட்டயே இருக்கட்டும்க்கா. தினம் ஒரு சொட்டு ஜன்னல்ல விட்டுப் பாருங்க. எறும்பு வரலைன்னா ஒரு போன் போடுங்க. நானே வந்து அடைச்சுத் தரேன்."

"ஓகோ! ஒரு கார்க்கை அடைக்க நீங்க நேர்ல வரணுமாக்கும்?"

அவர் கார்க்கைச் சட்டைப்பையில் போட்டு, பையின் பொத்தானை மாட்டிக்கொண்டார்.