அக்கா என்னை வகுப்பறைக்கு அழைத்துச் சென்ற நாள்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலர்ப் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு பணியாற்றியவர்களுக்கும், அவரிடம் படித்த பிள்ளைகளுக்கும் தம்பியாகிய என் வணக்கம். அக்காவைப் பற்றி எழுத என்னைவிடப் படித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் லாரி ஓட்டுகிறவன். ஆனால் அக்காவின் கணவரான என் மாமா, "நீங்கதான் எழுதணும் மாப்ள. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்ததையும் மறைக்காம எழுதுங்க" என்று சொல்லிவிட்டார். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதிப் பிழை திருத்தினாள்.

அக்கா பிறந்தது விக்கிரமங்கலத்தில். நாங்கள் இருவர்தான் பிள்ளைகள். அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் வேலை செய்து எங்களை வளர்த்தார்கள். அம்மா நடவுக்குப் போகும் நாட்களில் அக்காதான் சோறாக்கி எனக்குப் போட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடுவார். அரியலூர்க் கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் படித்தார். முதல் வருடம் முழுக்க இங்கிலீஷில் ஒரு வாக்கியம் பேசப் பயந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், திருச்சியில் அதே இங்கிலீஷில் எம்.ஏ. முடித்தார். எங்கள் வகையறாவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான். நான் பத்தாவதோடு நின்று லாரிக்குப் போய்விட்டேன்.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகி, அக்கா டவுனில் குடியேறினார். நூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்து நாவல்கள்தான் அவர் பாடம். அதில் என்னதான் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன்.

"எல்லாரும் எங்கேயாவது கிளம்பிப் போவாங்கடா. கப்பல்ல, ரயில்ல, வேற வேற நாட்டுக்கு. ஆனா போற எடத்துக்கெல்லாம் தன் ஊரையும் தூக்கிட்டே போவாங்க. யாரு யாருகூட ஒரே மேசையில ஒக்காரலாம், யாரைப் பாத்து வணக்கம் சொல்லலாம், யாரைப் பாக்காத மாதிரி போவணும். கதையே அதான்" என்றார்.

அதைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டமும் வாங்கினார். அந்தச் செய்தி கிடைத்தபோது நான் பாலக்காட்டில் சிமெண்ட் இறக்கிக்கொண்டிருந்தேன். வரும் வழியில் ஒரு நேந்திரம்பழத் தார் வாங்கி வண்டியில் கட்டி, ஊருக்குப் போகாமல் நேரே பெரம்பலூர் போனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாசலில் நிறைய செருப்பு கிடந்தது. கூட வேலை பார்ப்பவர்களுக்கு அக்கா விருந்து வைத்திருந்தார். நான் கைலியோடு, மேலெல்லாம் சிமெண்ட் தூசியோடு, தோளில் பழத்தாரோடு நின்றேன்.

உள்ளேயிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "யாருங்க மேடம்?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். "ஊர்லேருந்து பழம் குடுத்து விட்டுருக்காங்க" என்றார்.

பழத்தாரை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன். மாமா தெருமுனை வரை ஓடி வந்து, "மாப்ள, ஒரு வாய் சாப்புட்டுப் போங்க" என்று கையைப் பிடித்தார். "லோடு நிக்குது மாமா" என்று வண்டியேறிவிட்டேன். லோடு எதுவும் இல்லை.

அதன் பிறகு நான்கு வருடம் அந்த வீட்டுக்கு நான் போகவில்லை. கல்யாணம் காட்சியில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவேன். அக்கா போன் செய்தால் மனைவியிடம் கொடுத்துவிடுவேன்.

ஒருநாள் வகுப்பில் அக்கா ஒரு கப்பல் பயணக் கதையை நடத்தியிருக்கிறார். மேல்தளத்தில் சீமாட்டிகளோடு போகும் ஒரு பெண், கீழ்த்தளக் கூட்டத்தில் தன் சொந்தச் சித்தப்பாவைப் பார்க்கிறாள். பார்த்தும் தெரியாதவள் போல நடந்துவிடுகிறாள். வருடா வருடம் நடத்தும் பாடம்தான். அந்த முறை ஒரு மாணவி எழுந்து, "அவ ஏன் மேடம் அப்படிப் பண்ணுனா? சித்தப்பா அவளுக்கு என்ன கெடுதல் பண்ணுனாரு?" என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்விக்கு அக்காவிடம் நான்கு பக்கத்துக்குப் பதில் உண்டு. அன்றைக்கு அதைச் சொல்லாமல் புத்தகத்தை மூடியிருக்கிறார். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு எங்கள் ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்.

நான் வீட்டு முன்னால் வண்டியின் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் நின்றார்.

"வாக்கா" என்றேன், நிமிராமல்.

"அன்னைக்கு உன்னை யாரோன்னு சொல்லிட்டேன்டா."

"அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்."

"மறக்கல. மறந்துருந்தா வூட்டுக்கு வந்துருப்ப."

நான் அடுத்த நட்டைக் கழற்றப் போனேன். அக்கா தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். "அவங்க முன்னாடி நான் இன்னும் கடைசி பெஞ்சுலதான்டா இருந்தேன். நம்ம வூட்ட அவங்க பாத்துருவாங்கன்னு பயந்துட்டேன். இங்க நம்ம ரெண்டு பேருக்குள்ள மன்னிச்சுக்கன்னு சொல்லிட்டுப் போனா அது சரியா வராது. ஒரு நாள் என்கூட காலேஜுக்கு வா."

"நான் வந்து என்னத்தக்கா பண்ணுவேன்?"

"சும்மா வந்து நில்லு."

அடுத்த வாரம் போனேன். அக்கா எனக்கு முன்னால் நடந்தார். வகுப்பில் அறுபது பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அன்றைக்கு என்னை யாரென்று கேட்ட அந்தப் பேராசிரியை அம்மாவையும் அக்கா வரச் சொல்லியிருந்தார். அவரும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"இவர் என்கூடப் பொறந்த தம்பி. லாரி டிரைவர். நாலு வருஷத்துக்கு முன்னாடி என் வீட்டு வாசல்ல வந்து நின்னப்ப, இவரை யாரோன்னு சொல்லிட்டேன். கப்பல்ல அந்தப் பொண்ணு பண்ணுனதத்தான் நானும் பண்ணுனேன்" என்றார் அக்கா.  கையில் இருந்த புத்தகத்தை மேசைமேல் வைத்தார். "நான் பாஸ்போர்ட்கூட எடுத்ததில்ல. நம்ம வீட்ல ஊர் ஊரா போனவர் இவர்தான். பயணம்னா என்னன்னு இவர்கிட்ட கேளுங்க."

 நான் மெல்லச் சொன்னேன். நாக்பூர் தாண்டி ஒரு கடையில் சோறு என்பதைக் கையால் ஜாடை காட்டிக் கேட்டதை. ஒரு பெரிய பங்களாவுக்கு டைல்ஸ் இறக்கப் போனபோது தண்ணீரைத் தோட்டக் குழாயில் குடித்துக்கொள்ளச் சொன்னதை. ஒடிசாவில் மழையில் மூன்று நாள் சிக்கிக்கொண்டபோது, பேச்சு ஒரு வார்த்தைகூடப் புரியாத ஒரு குடும்பம் தங்கள் அடுப்பிலேயே எனக்கும் சேர்த்துப் பொங்கிப் போட்டதை. பிள்ளைகள் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியில் ஒரு பையன் கேட்டான்: "சார், நீங்க யாரையாவது அந்த மாதிரி நடத்திருக்கீங்களா?"

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தைய ஐப்பசியில் சின்ன வெங்காய லோடோடு போகும்போது, ஒரு வடநாட்டுத் தொழிலாளி கை காட்டி நிறுத்தினான். கேபினில் என் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. அவனைத் தார்ப்பாய்மேல் ஏறி உட்காரச் சொன்னேன். வழியில் நல்ல மழை. இறங்கும்போது அவன் நடுங்கிக்கொண்டே எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனான். அதைப் பற்றி நான் இரண்டாம் முறை நினைத்ததே இல்லை.

அதை அந்த வகுப்பில் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அக்காமேல் நான் நான்கு வருடம் வைத்திருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அக்கா செய்தது ஒரு நிமிடத் தவறு. அதைப் பிடித்துக்கொண்டு நான் செய்தது நான்கு வருடம். கீழே வந்ததும் அந்தப் பேராசிரியை அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து கேண்டீனில் சாப்பிட்டார்.  எனக்கு ரசம் ஊற்றியது அவர்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லாரி நடையும் முடித்து வந்து அக்காவிடம் வழியெல்லாம் சொல்லுவேன். ஒரு கோடை லீவில், "நானும் வரேன்டா" என்று கேபினில் ஏறிவிட்டார். வாளையார் மலையைப் பார்த்ததும், "இத்தனை வருஷமா மத்தவங்க போன பயணத்தையே பாடம் நடத்திருக்கேன் பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பரீட்சைக்குக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு யாரிடமும் சொல்லாமல் உதவினார். இங்கிலீஷுக்குப் பயந்து வாய் மூடிய பிள்ளைகளை முதல் பெஞ்சில் உட்கார வைத்தார். கோபம் வந்தால் பேச மாட்டார்; அந்தக் குணம் எனக்கும் உண்டு.

புற்றுநோய் என்று தெரிந்த பிறகு எட்டு மாதம் இருந்தார். திருச்சி ஆஸ்பத்திரியில் வலி குறைந்த நேரத்தில் விடைத்தாள் திருத்தினார். கடைசி வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு காலையில் மாமா தலை சீவிவிட, நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். "சூடு போதும்டா" என்றார். இரண்டு மடக்கு குடித்துவிட்டுத் தூங்கினார். எழவில்லை.

எட்டு மாதமும் ஒரு நாள்கூட முகம் சுளிக்காத மாமாவுக்கு எங்கள் குடும்பம் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் முறை வைத்து உடனிருந்த மாணவிகளுக்கும், தன் சகோதரியைப் போல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், எனக்குப் பதிலாக என் வண்டியை ஓட்டிக்கொடுத்த தோழர்களுக்கும், துக்கத்துக்கு வந்து எங்கள் ஊர் மண்ணில் கால் கடுக்க நின்ற கல்லூரியாருக்கும் கை கூப்புகிறேன்.

அக்காவின் புத்தகங்கள் பெரம்பலூர் வீட்டில் நான்கு அலமாரி நிறைய இருக்கின்றன. எனக்கு அந்த இங்கிலீஷைப் படிக்கத் தெரியாது. படிக்கிறவர்கள் யார் வந்தாலும் எடுத்துக்கொண்டு போகலாம். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மாமா மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட உட்காருவார். தனியாகச் சாப்பிடுவது அவருக்குப் பிடிக்காது. அந்த நேரம் பார்த்து வாருங்கள்.