வெளுக்காத கெண்டைகள்

ஒரு மனிதர் சொன்ன உண்மையை நான் மாற்றிச் சொன்னேன். அவர் தெலுங்கில் சொன்னார். நான் ஆங்கிலத்தில் வேறொன்றைச் சொன்னேன். பத்துச் சொற்கள்கூட இருக்காது. அதனால் அவர் சிறு வயது முதல் வலை வீசிய ஏரியில் நான்கு ஆண்டுகள் வலை வீச முடியாமல் போயிற்று. மொழி சரியாகத் தெரியாததால் நேர்ந்த பிழை அல்ல அது. எனக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும்.

ஹைதராபாத்தின் ஓரத்தில் இருந்த ஓர் அரசுத் தொழிற்சாலையில் நான் வேதியியலாளன். பெயர் வேண்டாம், இன்று அது இயங்கவும் இல்லை. மல்காஜ்கிரியில் வீடு. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ். ஆய்வகத்தில் எனக்கு மேலே ஒருவரும் இல்லை. கீழே ஒரே ஓர் உதவியாளர். அவர் செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் கழிவுநீர் தீங்கற்றது என்று தினமும் கையெழுத்திடுவது என் வேலைகளில் ஒன்று.

முலாம் பூசும் பிரிவில் சயனைடு உப்புக் கலந்த தொட்டிகள் இருந்தன. பாகங்களைக் கழுவிய நீரைத் தேக்கிவைத்து, குளோரின் இட்டு நஞ்சை முறித்த பிறகே வெளியே விட வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். உற்பத்தி நெருக்கும் மாதங்களில் அந்த நேரத்தைத் தர ஒருவரும் தயாராக இல்லை.

வடிகால் மதிலைத் தாண்டும் இடத்தில், எனக்கு முன் இருந்த ஒரு மேலாளர் சிமென்ட் தொட்டி ஒன்று கட்டியிருந்தார். உட்சுவரில் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. வெளியேறும் நீர் அதன் வழியாகத்தான் போகும். அதில் இருபது கெண்டைகள். பார்க்க வருபவர்களுக்குக் கண்ணாடிக் குடுவையும் அளவுக் குழாயும் புரியாது, நீந்துகிற மீன் புரியும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஒவ்வொரு நாளும் உயிருடன் எத்தனை, இறந்தவை எத்தனை என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

கெண்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விரல் நீளம்தான். வெள்ளி உடல், வாலடியில் ஒரு கரும்புள்ளி. தெலுங்கில் பரிக என்பார்கள். பெரிய மீன்களைப் போல ஆழத்துக்குப் போகாது. ஏரியின் ஓரத்தில், பாசியும் புல்லும் உள்ள அரையடி நீரில் கூட்டமாகத் திரியும். மழைக்காலத்தில் ஆண் மீனின் பக்கவாட்டில் சிவப்புக் கோடு ஒன்று ஏறும். முதல் மழையில் ஏரிக்குள் புதுத் தண்ணீர் வரும்போது அவ்வளவும் அந்தத் தண்ணீரை எதிர்த்து ஏறும். வாய்க்காலோ வயல் மடையோ, தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அங்கே போய் முட்டையிடும். இன்னொன்று: இருக்கும் இடத்துக்கு ஏற்ப நிறம் மாறும். சேற்று ஏரியில் முதுகு கரும்பச்சையாக இருக்கும். வெள்ளைத் தொட்டியில் விட்டால் நாலைந்து நாளில் வெளுத்துவிடும்.

எங்கள் வடிகால் அரை மைல் ஓடி ஒரு கிராமத்து ஏரியில் சேர்ந்தது. மழை பெய்தால் அந்த ஏரியின் கெண்டைகள் எங்கள் வடிகாலை நோக்கித்தான் ஏறி வரும்.

ஒரு காலை, இருபதும் தொட்டியில் மிதந்தன. ஒன்றை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். பளிச்சென்ற சிவப்பு. மூச்சுக் காற்றுக் குறைந்து செத்த மீனுக்கு அப்படி இருக்காது. சயனைடு என்று உடனே தெரிந்துவிட்டது.

“ஹவ் சார், எல்லாம் போயிடுச்சு. பூனைக்குப் போட்டாக்கூட மோந்து பாத்துட்டுப் போயிடும்” என்றார் உதவியாளர்.

“பதிவேட்டில் எழுதிவிடலாமா?”

“நக்கோ சார். எழுதுனா மேலேருந்து கைக்குன்னு கேப்பாங்க. நீங்க ஒரு பதில் சொல்வீங்க. அதுக்கு இன்னொரு கேள்வி வரும். ரிட்டயர் ஆகுற வரைக்கும் ரெண்டு பேரும் பதில் எழுதிட்டே உக்காந்திருக்கணும். செருவு பக்கத்துலதான் இருக்கு. அரை மணி நேரத்துல புதுசு கொண்டாந்துடறேன்.”

ஹவ், நக்கோ, கைக்கு எல்லாம் ஹைதராபாத் உருது: ஆமாம், வேண்டாம், ஏன். செருவு என்றால் தெலுங்கில் ஏரி. அந்தக் கிராமத்து ஏரியைத்தான் சொன்னார். பழியை அவர் மேல் போட நான் இதை எழுதவில்லை. பதிவேடு என் மேசையில் இருந்தது, பேனா என் கையில் இருந்தது. உயிருடன் இருபது, இறந்தவை இல்லை என்று எழுதினேன். முதல் முறை கை தயங்கியது. மூன்றாம் முறை தயங்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் எத்தனை முறை என்று எனக்கே நினைவில்லை.

மீன் கொடுத்தவர் அந்த ஏரியில் வலை வீசும் சங்கத்தில் ஒருவர். நாற்பது வயதிருக்கும். கேன்டீன் தோட்டத்துக் குட்டையில் கொசு அதிகம், மீன் விட்டால் கொசுப்புழுவைத் தின்னும் என்று உதவியாளர் அவரிடம் சொல்லியிருந்தார். சில நாள் நானே வாளியுடன் போனதுண்டு. “என்ன சாரு, உங்க ஊர்க் கொசு என் மீனையே தின்னுடுதா? மாசா மாசம் கேக்குறீங்க” என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். நாங்கள் பேசுவது தெலுங்கில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

பிறகு ஒரு மழைக்காலத்தில், வடிகால் ஏரியில் சேரும் வாயில் கெண்டைகள் ஆயிரக்கணக்கில் செத்து ஒதுங்கின. சங்கத்தார் எங்கள் தலைமையகத்துக்கு மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து, கொசுவைச் சொல்லிச் சிரித்த அதே மனிதருடையது. விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். கல்கத்தாக்காரர். ஆங்கிலத்தில்தான் பேசினார். மாலை விமானத்தைப் பிடிக்கும் அவசரம் அவருக்கு.

அதற்கு முதல் நாள்தான் தொட்டி மறுபடி காலியாகியிருந்தது. விசாரணையன்று விடிந்ததும் உதவியாளர் போய்ப் புதிய மீன் கொண்டுவந்து விட்டார். அந்த மனிதர் காலையில் தம் கையால் மீன் கொடுத்துவிட்டு, பத்து மணிக்குச் சங்கத்தின் சார்பில் தனியாக வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். பிறகு எல்லோரும் தொட்டிக்குப் போனோம்.

அந்த மனிதர் குந்தி உட்கார்ந்து நீருக்குள் கை வைத்தார். மீன்கள் ஒரு மூலைக்குப் பாய்ந்தன. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இவி நாவே” என்றார். இவை என்னுடையவை. “காலையில நானேதான் சாரு இந்த ஆள் வாளியில போட்டுக் குடுத்தேன். தோட்டத்துக்குன்னு சொன்னாரு. முதுகப் பாருங்க, இன்னும் கறுப்பாவே இருக்கு. இந்த வெள்ளத் தொட்டியில நாலு நாள் கெடந்திருந்தா வெளுத்துப் போயிருக்காதா? அவருக்குச் சொல்லுங்க.”

அவர் என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார்.

மீன்கள் நன்றாக இருக்கின்றன, தம் ஏரியில் இருப்பவை போலவே இருக்கின்றன என்கிறார் என்று நான் சொன்னேன்.

அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. மீன்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தாம் சொன்னதை அதிகாரி ஏற்றுக்கொண்டார் என்றுதான் அந்த மனிதர் நினைத்திருக்க வேண்டும். இரண்டு கைகளாலும் அதிகாரியின் கையைப் பற்றிக்கொண்டார். உதவியாளர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மனுதாரரே நேரில் பார்த்துத் திருப்தி தெரிவித்தார் என்று அறிக்கை வந்தது. அதன் தெலுங்குப் பிரதியைக் கிராமத்தில் வாசித்தார்கள். இரண்டு ஆண்டுகளாக அவர் தொழிற்சாலைக்கு மீன் கொடுத்து வந்ததும் வெளியே வந்தது. விலை போய்விட்டான் என்று சொல்லிச் சங்கம் அவரை நீக்கியது. சங்கத்தில் இல்லாதவர் அந்த ஏரியில் வலை இறக்கக் கூடாது.

எனக்கு அடுத்த ஆண்டு பதவி உயர்வு வந்தது. தூக்கம் கெட்டது, சோறு இறங்கவில்லை என்றெல்லாம் எழுதினால் அதுவும் பொய். நன்றாகத் தூங்கினேன். தொட்டிக்கு வேறோர் ஏரியிலிருந்து மீன் வந்தது.

நான்கு ஆண்டுகள் கழிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் மனைவி அடுக்களையில் கடல் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்கள் தெருவுக்குப் புதிதாகக் கூடைக்காரி ஒருத்தி வரத் தொடங்கியிருந்தாள். ஐஸில் வைத்த கடல் மீன்.

“அந்தப் பொம்பள கதையக் கேட்டீங்களா? சொந்த ஊர்ல ஏரி இருக்காம். இவ இங்க ஐஸ் மீன் தூக்கிட்டு அலையுதா. அவ புருஷன் ஏதோ ஃபாக்டரித் தொட்டியில நெஜத்தச் சொல்லியிருக்காரு. பக்கத்துல நின்ன ஒரு படிச்சவன் அத இங்கிலீஷ்ல தலகீழா மாத்திட்டானாம். ஊரே அவர ஒதுக்கிருச்சாம். படிச்சவன் புத்தியப் பாத்தீங்களா?”

“அது நான்தான்” என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். முழுதும் கேட்டாள். பிறகு எழுந்து கை கழுவினாள்.

“மணி ரெண்டுதான ஆகுது. பஸ் இருக்கும். கெளம்புங்க.”

“நாளைக்குப் போகிறேனே.”

“நாளைக்குன்னா நீங்க போவ மாட்டீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?”

போனேன். அவர் வீட்டு வாசலில் பழைய வலை ஒன்று சுருட்டித் தொங்கியது. அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செத்த மீன்கள், பதிவேடு, அந்த ஒரு வாக்கியம்.

“இத எங்கிட்ட எதுக்கு சாரு சொல்றீங்க? நான் அங்கதான இருந்தேன்? எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க.”

மறுநாள் ஏரிக்கரையில் சங்கம் கூடியது. முப்பது பேர் இருக்கும். அவர் தள்ளி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் பேசி முடித்ததும் ஒருவர் எழுந்தார்.

“இப்ப இவரு சொன்னத யாரு மாத்திச் சொல்லப் போறாங்க?”

எல்லோரும் சிரித்தார்கள்.

“அன்னிக்குப் பொய் சொன்ன வாய்தான இது? இன்னிக்கு நெஜம்னு எப்படி நம்புறது? இவனே பேசி வெச்சுக் கூட்டிட்டு வந்திருப்பான்” என்றார் இன்னொருவர், கல்லில் இருந்தவரைக் காட்டி.

அவர் கேட்டது நியாயம். என் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. அந்த மனிதருக்கு உதவ வேண்டுமென்றால், நான் இழப்பது ஏதாவது அவர்கள் கண்ணில் பட வேண்டும். அன்று வீடு திரும்பித் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். மீன் மாற்றியதை, மொழி மாற்றியதை, எந்தெந்த மாதங்களின் கையெழுத்துகள் பொய் என்பதை, நினைவிருந்த அளவில். உதவியாளர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். அவரைப் பற்றி எழுதவில்லை. தெலுங்குப் பிரதி ஒன்றைச் சங்கத்துக்குக் கொடுத்தேன்.

ஒரு மாதத்தில் என்னை ஆய்வகத்திலிருந்து எடுத்து ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெற மீதியிருந்த இரண்டு ஆண்டுகளும் நட்டு, போல்ட்டு, சாக்குப் பைகளுக்கு நடுவே கழிந்தன. பதிவேட்டை எடுத்துச் சென்றார்கள். வடிகாலுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். முதலில் தொட்டியை இடித்தார்கள். அடுத்த ஆண்டு, காரணம் ஒன்றும் சொல்லாமல், நீரைத் தேக்கிவைக்கப் பெரிய குழி ஒன்று வெட்டினார்கள்.

நான் ஸ்டோர்ஸுக்குப் போன செய்தி கிராமத்துக்கு எட்டிய வாரம், சங்கம் அவரைத் திரும்பச் சேர்த்தது. நான் போயிருந்தபோது அவர் நன்றி எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு கம்பிக் கூண்டைக் காட்டினார். வடிகால் ஏரியில் சேரும் வாயில் அதைக் கட்டி, உள்ளே இருபது கெண்டை விட்டிருந்தார். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு.

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து எண்ணுங்க. எத்தன உயிரோட இருக்கு, எத்தன செத்துச்சுன்னு எழுதுங்க. கையெழுத்துப் போடுங்க. உங்களுக்குப் பழக்கந்தான?”

கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் நோட்டை வாங்கிக்கொண்டேன்.

இரண்டரை ஆண்டுகள் போனேன். சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் இரண்டு பஸ் மாறி. ஓய்வு பெற்ற பிறகும் போனேன். முழங்கால் நீரில் இறங்கிக் கூண்டைத் தூக்கி எண்ணுவேன். உயிருடன் பதினொன்று, இறந்தவை ஒன்பது. உயிருடன் நான்கு, இறந்தவை பதினாறு. செவுளின் நிறத்தையும் எழுதினேன். அந்த நோட்டில் ஒரு பொய்கூடக் கிடையாது. குழி வெட்டிய பிறகு எண்கள் மெல்ல ஏறின.

கடைசி மழைக்காலத்தில் தொடர்ந்து பத்து வாரம் இருபது. பத்தாவது ஞாயிறு தூறிக்கொண்டிருந்தது. நான் கையெழுத்திட்டதும் அவர் நோட்டை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கூண்டின் கதவைத் திறந்தார். மீன்கள் வெளியே வந்து சற்று நின்றன. கறுத்த முதுகு, சிலவற்றுக்குச் சிவப்புக் கோடு. பிறகு வருகிற தண்ணீரை எதிர்த்து வடிகாலுக்குள் ஏறின.

“போதும் சாரு. அடுத்த வாரம் வர வேணாம்” என்றார்.

நான் கரையேறிக் கால் துடைத்துச் செருப்பு மாட்டுவதற்குள் அவர் கூண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

அவர் மனைவி கூடையை விடவில்லை. மல்காஜ்கிரியில் வாடிக்கை சேர்ந்துவிட்டது என்று காரணம் சொன்னாளாம். ஏரி மீனும் அதில் வரும், மழைக்காலத்தில் கெண்டையும் வரும். எங்கள் தெருவில் கடைசி வீடு வரை கூவிக்கொண்டு போவாள். நான் போய் ஒப்புக்கொண்ட அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எங்கள் வாசலில் மட்டும் அவள் கூடையை இறக்கியதில்லை. என் மனைவி வெளியே போய் அவளைக் கூப்பிடவும் இல்லை. சந்தைக்குப் போய் வேறொருத்தியிடம் வாங்கி வருகிறாள்.